செங்கல்லுக்கு வேறு, மரத்துக்கு வேறு

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பி மிளகாய்க்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சின்னக்குட்டியும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கை வலி தேவலையா, அங்கே குளிர் விட்டதா என்று முதலில் எழுது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கத்துகிறவள் என்ன திடீரென்று பேனாவைப் பிடித்திருக்கிறாள் என்று நினைப்பாய். வீட்டு டெலிபோன் பழுது. எப்போது சரியாகும் என்று தெரியவில்லை. அதுவரை கடிதமே போடு.

ஒரு சின்ன யோசனை வேண்டும். "மனுஷன் குளிக்கவே நேரம் இல்ல, இவன் வீட்டைக் குளிப்பாட்டுற வேலைக்குப் போறானாம்" என்று நீ கிளம்பும்போது உன் அத்தான் கேலி செய்தார், ஞாபகம் இருக்கிறதா? இப்போது அந்த வேலை தெரிந்தவன்தான் எனக்கு வேண்டும். வீட்டின் முன்பக்கம் கீழ்ப்பாதி செங்கல், ஜன்னலைச் சுற்றி மேல்பாதி பெயிண்ட் அடித்த சுவர். அந்தப் பெயிண்ட் சுவரில் நாலைந்து இடத்தில் முட்டை உடைந்து வழிந்து காய்ந்துபோயிருக்கிறது. காக்கை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்து போட்டிருக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்தேன், வரவில்லை. சுடுதண்ணீர் ஊற்றினேன், இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இரும்புக் கடைக்காரர் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற இயந்திரத்தை வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா? ஆள் வைத்துச் செய்ய எனக்கு இஷ்டமில்லை. தெரு விழிப்பதற்கு முன்னால் நானே முடித்துவிடுவேன்.

உடனே பதில் போடு. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கை பரவாயில்லை. குளிர் போகவில்லை, காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் எனக்கு நடுக்கம் வருகிறது. அத்தானுக்கும் சின்னக்குட்டிக்கும் என் அன்பு.

முட்டையைக் கவ்விக்கொண்டு போகிற காக்கையைப் பார்த்திருக்கிறேன். ஒரே சுவரில் நாலைந்து முட்டையைக் குறிபார்த்து அடிக்கிற காக்கையை இன்னும் பார்க்கவில்லை. உங்கள் தெருக் காக்கைக்கு உன்னோடு என்ன பகை?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இயந்திரம் வேண்டவே வேண்டாம். பெயிண்ட் சுவரில் அதைக் கிட்டத்தில் பிடித்தால் முட்டையோடு பெயிண்டும் செதில் செதிலாக உதிரும், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பூச்சும் வரும். சுடுதண்ணீர் அதைவிட மோசம். நீ சுவரிலேயே ஆம்லெட் போட்டிருக்கிறாய். பச்சைத்தண்ணீரில் பழைய துண்டை நனைத்துக் கறைமேல் ஒட்டி வை. காய்ந்தால் மறுபடி நனை. அரைமணி கழித்துப் பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைத்து, மெத்தென்ற பஞ்சால் மெல்லத் தேய். அவசரப்பட்டுச் சுரண்டாதே. கடைசியில் மேலிருந்து கீழே தண்ணீர் விட்டு அலசு.

இன்னொன்று. நீ சாய ஆலையின் பரிசோதனை அறைக்கும், அத்தான் அங்கேயே உலர்த்தும் இயந்திரத்துக்கும் ஏழு மணிக்கே கிளம்பி ஓடுவீர்கள். சுவரைத் தேய்க்க உனக்கு ஏது பொழுது? போனைச் சீக்கிரம் சரிசெய்யச் சொல்.

அன்புடன்,
மிளகாய்


மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே யாருக்கும் குறைவில்லை. நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். காலையில் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்.

முட்டை போய்விட்டது. நீ சொன்ன மாதிரி துண்டை ஒட்டிவைத்து, மூன்று விடியற்காலை தேய்த்தேன். கிட்டத்தில் பார்த்தால் மட்டும் லேசான மஞ்சள். பரவாயில்லை.

பொழுது ஏது என்று கேட்டிருந்தாய். ஆலையில் பராமரிப்பு வேலை நடக்கிறது. அதனால் நானும் உன் அத்தானும் வீட்டில்தான் இருக்கிறோம். வீட்டிலேயே இருப்பது எனக்குப் பழக்கமில்லாதது. அலமாரியை இரண்டு தடவை அடுக்கிவிட்டேன். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நடக்கிறேன், எதற்கு வந்தேன் என்று மறந்துபோய்த் திரும்புகிறேன்.

இப்போது வாசல் கதவு. கறுப்பு எண்ணெய், வண்டியிலிருந்து வடிப்பார்களே, அந்த எண்ணெய். தேக்குக் கதவின் நடுவில் பட்டு அடிவரைக்கும் ஓடியிருக்கிறது. பக்கத்தில் யாரோ வண்டி ரிப்பேர் செய்தார்கள், கை தவறியிருக்கும். துடைக்கத் துடைக்க அகலமாகிறது. கீழே வாசல் சிமெண்டுத் தரையிலும் கொஞ்சம் சிந்தியிருக்கிறது. இதற்காவது இயந்திரம் எடுக்கலாமா?

சின்னக்குட்டி உனக்கு ஒரு வீடு வரைந்திருக்கிறாள். அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கையுறை போட்டுக்கொள்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீடு படத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று சின்னக்குட்டியிடம் சொல்.

கதவை இனிமேல் துடைக்காதே. துடைக்கிற ஒவ்வொரு தடவையும் எண்ணெயை மரத்துக்குள் தள்ளுகிறாய். முகப்பவுடரோ சாக்பீஸ் தூளோ கிடைத்தால் கறைமேல் கனமாக அப்பிவிட்டு ஒரு நாள் அப்படியே விடு. தூள் எண்ணெயைக் குடித்துக் கறுக்கும். தட்டிவிட்டுப் புதிதாக அப்பு. தூள் வெள்ளையாகவே நிற்கும் வரை இதைச் செய். பிறகு சோப்பு நுரையை மட்டும் துணியில் எடுத்து, மரத்தின் ரேகை போகிற திசையிலேயே தேய். தண்ணீரைக் கொட்டாதே, கதவு ஊதி நிலையில் மாட்டிக்கொள்ளும்.

மரத்துக்கு இயந்திரம் கூடவே கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டின் மரப்பலகை வராந்தாவில் அதைக் காட்டி, பலகை முழுக்கக் கோடு கோடாகச் செதுக்கிவிட்டேன். வீட்டுக்கார அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு, "தம்பி, நான் கழுவத்தான் சொன்னேன், உழச் சொல்லல" என்றார். சிமெண்டுத் தரைக்கு வேண்டுமானால் எடு. அது ஒன்றுதான் அந்த அடியைத் தாங்கும். அங்கேயும் தண்ணீர் விசிறி மாதிரி விரிகிற முனையைப் போட்டு, தள்ளி நின்று அடி. முதலில் எண்ணெய்மேல் மண்ணைக் கொட்டிப் பெருக்கிவிடு.

இப்போது நான் கேட்கிறேன். வண்டி ரிப்பேர் செய்தவன் கைதவறினால் தரையில் சிந்தும். கதவின் நடுவில் எப்படிப் படும்? இடுப்பு உயரத்துக்கு யாராவது எண்ணெயைத் தூக்கிப் பார்ப்பார்களா? பராமரிப்பு என்றால் ஆலையில் ஒரு வாரம் பார்ப்பார்கள். ஒரு மாதமாகப் பார்க்கிறார்களா? சிரிப்பக்கா என்ன செய்கிறார்? நான் ஆலைக்கு வந்திருந்தபோது உன் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்து, "உனக்குப் பொண்ணு பாக்குறேன், முதல்ல கோவத்தைக் குறை" என்று விழுந்து விழுந்து சிரித்தாரே. அவர் வீட்டில் போன் இருக்கிறதா?

அன்புடன்,
மிளகாய்


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீ கேட்டதற்கெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

கதவு ஓரளவுக்குத் தேறிவிட்டது. பவுடர் டப்பா இரண்டு காலி. சின்னக்குட்டி, "கதவு மேக்கப் போட்டிருக்கு" என்கிறாள்.

செங்கல் சுவரில் சிவப்பு பெயிண்ட். டப்பா கவிழ்ந்துவிட்டது. செங்கல்லுக்கு என்ன செய்ய வேண்டும்? கொஞ்சம் அவசரம்.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமில்லை என்று தோன்றுகிறது. ஆனால் நீயாகச் சொல்லாமல் உன்னிடமிருந்து ஒன்றும் வாங்க முடியாது என்று சின்ன வயசிலிருந்தே தெரியும்.

செங்கல் எளிதில் கெட்டுப்போகிற சாமான். சூளையில் வெந்த மேல்தோல் போனால் உள்ளே வெறும் மண்தான். அதனால் இயந்திரம், ஆசிட், இரும்புப் பிரஷ் மூன்றும் கூடாது. தண்ணீரில் கரைகிற பெயிண்ட் என்றால் சோப்பு வெந்நீரும் நைலான் பிரஷும் போதும். எண்ணெய்ப் பெயிண்ட் என்றால் கடையில் பெயிண்ட் எடுக்கிற களிம்பு கேள். சுவர் காய்ந்திருக்கும்போது தடவி, ஊறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடு. முதலில் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் செய்து பார்.

ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒரு விவரம் தெரிந்தாக வேண்டும். வேலைக்காகத்தான் கேட்கிறேன். கவிழ்ந்த டப்பாவின் பெயிண்ட் தரையிலிருந்து முழங்கால் வரைக்கும் தெறிக்கும். உன் சுவரில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? கறையா, எழுத்தா?

எழுத்தாக இருந்தால் எழுத்தை மட்டும் தேய்க்காதே. பல வருஷப் புழுதி ஏறிய சுவர் அது. தேய்த்த இடம் புதுச் செங்கல் மாதிரி பளிச்சென்று ஆகிவிடும். சிவப்பு எழுத்துப் போய், அதே எழுத்து சுத்தமாக நிற்கும். சுவர் முழுவதையும்தான் கழுவ வேண்டும். பொறு, நான் விவரமாக எழுதும் வரை கையை வைக்காதே.

மிளகாய்


ஏப்ரல் 21

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே தேய்த்துவிட்டேன். எழுத்துதான். மூன்றெழுத்து. பெயிண்ட் போய்விட்டது, வார்த்தை போகவில்லை. முன்னால் பக்கத்தில் வந்தவர்கள் படித்தார்கள். இப்போது தெருமுனையிலிருந்தே படிக்கலாம்.

நீ கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 20

அத்தானுக்கு வணக்கம்.

நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று எனக்கு இதுவரை ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை. ஆகையால் சுகம் விசாரிக்காமலே எழுதுகிறேன்.

அக்காவுக்கு மூன்று கடிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை. ஆலையின் எண்ணுக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. இங்கே வேலையில் மனசு நிற்கவில்லை. போன வாரம் ஒரு வீட்டில் சோப்புத் தண்ணீர் அடித்த பிறகு அலச மறந்து அடுத்த சுவருக்குப் போய்விட்டேன். முதலாளி, "உடம்பு இங்க இருக்கு, ஆளு எங்க?" என்று கேட்டார்.

முட்டை, எண்ணெய், பெயிண்ட். இதெல்லாம் தானாக வந்து விழவில்லை. யாரோ உங்கள்மேல் வஞ்சம் வைத்து அடிக்கிறார்கள். அத்தான், நீங்கள் ஆலையில் என்ன செய்தீர்கள்? யாரைக் காட்டிக்கொடுத்தீர்கள்? எதுவாகவும் இருக்கட்டும். ஆனால் நீங்கள் செய்ததற்கு என் அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்று தேய்க்கிறாள், நீங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள். இது உங்களுக்கு அழகில்லை.

அந்த மூன்றெழுத்து என்ன என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் நானே வந்து படித்துக்கொள்கிறேன். எழுதியவன் யார் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்


ஜூன் 4

மச்சானுக்கு,

உன் கடிதம் வந்தது. சின்னக்குட்டிக்குச் சளி, இப்போது தேவலை. மற்றபடி மூன்று பேரும் சாப்பிடுகிறோம், தூங்கப் படுக்கிறோம்.

ஆள் மாற்றித் திட்டியிருக்கிறாய். சுவரில் இருப்பது 'துரோகி'. அது ஆணா பெண்ணா என்று அந்த வார்த்தையிலிருந்து தெரியாது, ஆகவே உன்மேல் தப்பில்லை. அது எனக்கு எழுதியது இல்லை. உன் அக்காவுக்கு எழுதியது.

ஆலைக் கழிவு கால்வாயில் கலக்கிறது, அதில் குளிக்கிற பிள்ளைகளுக்குத் தோலெல்லாம் புண் என்று ஜனவரியில் விசாரணை வந்தது. நம் தெருப் பிள்ளைகளும் அதில் குளிப்பவர்கள்தான். பரிசோதனை அறையில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மற்ற எல்லோரும், "எங்களுக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். உன் அக்கா தெரிந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள். பத்து நாளில் ஆலையை மூடினார்கள். இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலை பார்த்தோம். எங்கள் வீட்டில் இரண்டு பேர்.

டெலிபோன் பழுதில்லை. ஒயரை நான்தான் பிடுங்கிவைத்தேன். எடுத்தால் ஒரே ஏச்சு. ஒரு தடவை சின்னக்குட்டி எடுத்துவிட்டாள்.

நான் உள்ளே உட்கார்ந்திருப்பது உண்மை. அதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்று இல்லை. விடிந்தும் விடியாமலும் அவள் வாளியோடு இறங்குவாள். நீ எழுதியதைச் சுருட்டி இடுப்பில் செருகியிருப்பாள். நடுநடுவே எடுத்துப் படித்துவிட்டுத் தேய்ப்பாள். நான் மாடி ஜன்னலில் நிற்பேன். இறங்க வேண்டும் என்று இருக்கும். கால் வராது. நாங்கள் பேசிக்கொள்வதில்லை. "குழந்தை சாப்பிட்டாச்சா", "கதவைத் தாழ் போட்டாச்சா", அவ்வளவுதான். எனக்குக் கோபம் இருக்கிறது. ஆலைக்காக மட்டும் இல்லை. அதை உன்னிடம் சொல்ல இஷ்டமில்லை.

நீ வராதே. தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் ஒருவன் கையை உடைத்துவிட்டு நீ ஊரை விட்டுப் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. நீ வந்தால் அவள் சுவரையும் கழுவ வேண்டும், உன்னையும் ஜாமீனில் எடுக்க வேண்டும். அதற்குப் பயந்துதான் அவள் உன்னிடம் காக்கை கதை சொன்னாள்.

இப்படிக்கு,
அத்தான்


ஜூன் 25

அன்புள்ள தம்பிக்கு,

உன் அத்தான் உனக்கு எழுதியதை என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேசைமேல் உன் கடிதத்தை விரித்து, ஓரத்தில் "பதில் போட்டாச்சு, நடந்ததைச் சொல்லிட்டேன்" என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார், நான் பார்க்கட்டும் என்று. படித்தேன். அவரைத் திட்டியதற்கு அவரிடம் ஒரு வார்த்தை எழுதிவிடு.

நான் எதையோ பெரிதாகச் சாதித்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்ளாதே. மற்றவர்கள் சொன்னதைத்தான் நானும் சொல்லப்போகிறேன் என்று நினைத்தேன். அன்று காலை நானும் உன் அத்தானும் எப்போதும் போல ஒரே பஸ்ஸில்தான் போனோம். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்கி வழிந்தார். அவரை எழுப்பிச் சொல்லலாமா என்று பார்த்தேன். என்ன சொல்வது? எனக்கே ஒன்றும் தெரியவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு கண்ணாடித் தம்ளரில் கால்வாய்த் தண்ணீரை எடுத்து என் முன்னால் வைத்திருந்தார். அன்றைக்கு ஊதாச் சாயம் ஓடியிருக்கிறது, தண்ணீர் அந்த நிறத்தில் இருந்தது. "அம்மா, இதுல உங்க பொண்ணைக் குளிப்பாட்டுவீங்களா?" என்று கேட்டார். "மாட்டேன்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். "ஏன்?" என்று கேட்டார். அதற்கப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

வெளியே வந்தபோது சிரிப்பக்கா தாழ்வாரத்தில் நின்றிருந்தாள். அடுத்து அவள் முறை. "என்னடி சொன்ன?" என்றாள். நான் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவள் புருஷன் படுக்கையில் கிடக்கிறவன், பிள்ளைகள் இரண்டு, எல்லாம் அவள் ஒருத்தி சம்பளத்தில்தான். அன்றிலிருந்து என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறாள். மற்றவர்கள் ஏசுவது காதோடு போய்விடுகிறது. இது போகவில்லை.

யார் எறிகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பிடிக்கவில்லை. தெருவில் எதிரே வருகிற ஒவ்வொரு ஆளையும் இவரா, இவரா என்று பார்த்துக்கொண்டே நடக்க முடியுமா? ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை தம்பி. செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன். தேய்க்கிற நேரம் மட்டும் கொஞ்சம் நிம்மதி.

நீ வராதே. சுவர் முழுவதும் எப்படிக் கழுவுவது என்று எழுது.

அன்புடன்,
அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தோடு அத்தானுக்கு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். மன்னிப்புத்தான். அவர் கேலி செய்தால் செய்யட்டும். சின்னக்குட்டிக்குச் சளி விட்டதா?

உன் கடிதம் வந்த அன்றே கிளம்பிவிட்டேன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதலாளியிடம் கேட்கவும் இல்லை. பஸ் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. உட்கார்ந்து யோசித்தேன். உங்கள் தெருவில் இறங்கினதும் முதலில் எதிர்ப்படுகிற ஆளின் சட்டையைத்தான் பிடிப்பேன். அவன் எறிந்தவனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சட்டை போட்டிருந்தால் போதும். பஸ் நகர ஆரம்பித்ததும் குதித்துவிட்டேன். பஸ் மேலே ஏற்றியிருந்த பெட்டி அதோடு போய்விட்டது. நல்ல சட்டை இரண்டும், கடிகாரமும், சின்னக்குட்டிக்கு வாங்கின பொம்மையும் இப்போது எந்த ஊரில் இருக்கிறதோ தெரியவில்லை.

உன்மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. நீ ஒவ்வொரு விடியற்காலையும் அங்கே நின்று தேய்த்துக்கொண்டிருந்தாய், நான் இங்கே காக்கை ஜோக் எழுதிக்கொண்டிருந்தேன். இவ்வளவுதான். இதற்குமேல் எழுதினால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

சுவருக்கு வருவோம். மேகமூட்டமான நாளாகப் பார். வெயிலில் சோப்பு சுவரிலேயே காய்ந்துவிடும். முதலில் பெயிண்ட் எங்கேயாவது ஒட்டியிருந்தால் அதை முடித்துவிடு. பிறகு குழாயில் வெறும் தண்ணீர் விட்டுச் செங்கல் முழுவதையும் நனை. தாகம் தீரக் குடித்த செங்கல் சோப்பை உள்ளே இழுக்காது. அப்புறம் சோப்புத் தண்ணீர். இதைக் கீழேயிருந்து மேலே போட்டுக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் ஒழுகின இடமெல்லாம் வரிவரியாக நிற்கும். ஊறட்டும், ஆனால் காயவிடாதே. நைலான் பிரஷால் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி தேய். அந்த எழுத்து இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிடு, அது ஏற்கெனவே சுத்தம். கடைசியில் மேலிருந்து கீழே அலசு. ஒரே நாளில் முடிக்க வேண்டும், பாதியில் விட்டால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும்.

இது இருட்டோடு இருட்டாகச் செய்கிற வேலை இல்லை. ஒருத்தி தனியாகச் செய்கிற வேலையும் இல்லை.

அன்புடன்,
மிளகாய்


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

மூவரும் சுகம். சளி விட்டுவிட்டது. உன் பெட்டி கிடைத்ததா? அத்தானுக்குக் கிடங்கு ஒன்றில் மூட்டை எண்ணுகிற வேலை கிடைத்திருக்கிறது. ஆலையில் தண்ணீரைச் சுத்தம் செய்கிற தொட்டி கட்டுகிறார்களாம், கட்டி முடித்தால் பாதிப் பேரை எடுப்பார்கள் என்று பேச்சு. அந்தப் பாதியில் நான் இருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சுவரைக் கழுவினேன். நல்ல வெளிச்சத்தில், தெருவே நடமாடுகிற நேரத்தில். குழாயை மாட்டிச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தபோது உன் அத்தான் பழைய சட்டையோடு இறங்கி வந்தார். பிரஷை எடுத்துச் சோப்பில் முக்கி, எக்கி நின்று மேலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.

"மேலேர்ந்து போடாதீங்க" என்றேன். "கீழேர்ந்துதான் போடணும்."

"தண்ணி மேலேர்ந்துதானே கீழ வரும்? இது என்ன புது நியாயம்?"

"அலசும்போதுதான் மேலேர்ந்து. சோப்பு கீழேர்ந்து. இல்லேன்னா கோடு விழும்."

"யார் சொன்னா?"

"உங்க மச்சான்."

"அவன் பெட்டியவே பஸ்ல விட்டவன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் குனிந்து கீழேயிருந்து போட ஆரம்பித்தார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நடுவில் அந்த வார்த்தை. போகிறவர்கள் நடையைக் குறைத்தார்கள், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரு ஆள் மட்டும் காறித் துப்பினான். அத்தான் திரும்பினார். நான், "சோப்பு காயுதுங்க" என்றேன். மறுபடி குனிந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னைக்கு பஸ்ல பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்ன சொல்லப்போறேன்னு எனக்கே தெரியலைங்க."

"தெரியலன்னாவது சொல்லியிருக்கலாம்."

"ஆமா" என்று மட்டும் சொன்னேன். இந்த ஆறு மாதமாக ஆலைக்காகத்தான் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அலசி முடித்து, வாசல்படியில் உட்கார்ந்து காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஈரத்தில் எல்லாச் செங்கல்லும் ஒரே நிறம். காயக் காயத்தான் தெரியும். காய்ந்தது. 'ரோ'வின் கால் இருந்த இடத்தில் மட்டும் லேசாக ஒரு வெளுப்பு. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்போது சிரிப்பக்கா வந்தாள். கையில் பை. எப்போதும் போல எதிர்ப்பக்கமாகப் போனவள், நின்றுவிட்டாள். ஆள் பாதியாகிவிட்டாள். சுவரைப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். தெருவைத் தாண்டி வந்தாள். நெருங்கி வரவில்லை. குழாய்த் தண்ணீர் ஓடின ஈரத்துக்கு அந்தப் பக்கமே நின்று, "சன்ஷேடுக்கு மேல ரெண்டு கிடக்கு" என்றாள்.

நான் நிமிர்ந்து ஜன்னலுக்கு மேலே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"கீழேர்ந்து பாத்தா தெரியாது" என்றாள்.

கீழே நிற்கிற யாருக்கும் அது தெரியாது. மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற எங்களுக்கே தெரிந்ததில்லை. எறிந்து, அது எங்கே போய் விழுந்தது என்று பார்த்த ஆளுக்கு மட்டும்தான் தெரியும். உன் அத்தானுக்கும் உறைத்துவிட்டது. கையில் பிரஷோடு எழுந்து நின்றார், முகம் கறுத்துவிட்டது. அவள் ஓடவில்லை. எதையோ எதிர்பார்த்து வந்தவள் மாதிரி அப்படியே நின்றாள். எண்ணெயும் பெயிண்டும் யார் என்று எனக்குத் தெரியாது. முட்டை யார் என்று தெரிந்துவிட்டது.

"ஏணிய எடுத்துட்டு வாங்க" என்றேன்.

அவர் அசையவில்லை.

"ஏணிய எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன்."

கொல்லைப்புறம் போய்க் கொண்டுவந்து சாத்தினார். அவரே பிடித்துக்கொண்டார். நான் சின்ன வாளியும் பஞ்சும் எடுத்துக்கொண்டு ஏறினேன். சன்ஷேடின் மேல் சருகும் மண்ணுமாகக் கிடந்தது. அதற்குள் இரண்டு முட்டை ஓடு, சொரசொரத்த சிமெண்டில் மஞ்சள் பிடித்துக் கறுத்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. பிப்ரவரியிலிருந்து என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. ஓட்டைப் பொறுக்கி வாளியில் போட்டேன். பச்சைத்தண்ணீர் ஊற்றினேன். ஊறட்டும் என்று காத்திருந்தேன். பிறகு தேய்த்தேன்.

கை எட்டின வரைக்கும் தேய்த்துவிட்டு, முடிந்துவிட்டது என்று இறங்கக் காலை எடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்றாள் கீழேயிருந்து.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறாதே. டெலிபோன் ஒயரை அத்தான் மாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புடன்,
அக்கா